சிறிய ரிவால்வரில் மாற்றம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் தற்காப்புக்கென வாங்கப்படும் கைத்துப்பாக்கிகளில், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்களே இன்று பெரும்பான்மை என்றாலும், சுழலும் சிலிண்டரில் ஐந்து தோட்டாக்கள் மட்டுமே கொள்ளும் சிறிய ரிவால்வரை விரும்பி வாங்குவோர் குறைந்தபாடில்லை. 1950ஆம் ஆண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் வெளியிட்ட சீஃப்ஸ் ஸ்பெஷலின் வழிவந்த, ஜே-ஃபிரேம் எனப்படும் சிறிய சட்டக வகைகளும், 2009இல் வந்த ரூகர் எல்சிஆரும் இவற்றில் முதன்மையானவை. மாதக்கணக்கில் உறைக்குள் கிடந்தாலும், கையில் எடுத்து விசையை இழுத்தால் சுட வேண்டும் என்பதுதான் இந்தக் கருவியிடம் நாம் எதிர்பார்க்கும் ஒரே குணம். டெக்சஸில் பயிற்சி அளிக்கும் நான் பார்த்தவரையில், புதிதாக வாங்குபவர்கள் முதல் மாதத்திலேயே உதிரிபாகங்களுக்குச் செலவிடத் தொடங்கி, என் தலைமுறையினர் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். தோட்டாக்களை வெளியே எடுத்துச் சரிபார்க்காமல் எந்தத் திருகாணியையும் தொடக்கூடாது என்பது போன்ற பாலபாடங்களை இங்கே எழுதவில்லை. அவற்றை அறியாதவர்கள் மாற்றம் எதையும் நினைக்கவே வேண்டாம்.

விசை இலகுவாக வேண்டும் என்று ஸ்பிரிங்கை மாற்றுவது

ஜே-ஃபிரேம் ரிவால்வரின் விசை கனமானது. ஒரே இழுப்பில் சிலிண்டரைச் சுழற்றி, தோட்டாவை அடிக்கும் சுத்தியைப் பின்னுக்குத் தள்ளி, அதை விடுவிக்கவும் செய்யும் டபுள் ஆக்‌ஷன் இழுப்புக்கு ஏறத்தாழ 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோ அளவுக்கு அழுத்தம் தேவைப்படுகிறது. இலகுவான வகைகளின் எடையோ 400 கிராமை ஒட்டியது. தன் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் கேட்கும் ஒரு கருவியைப் புதியவர் இழுக்கும்போது குழல் ஆடுவதும், குறி கீழே இறங்குவதும் இயல்பு. அந்த ஏமாற்றத்தோடு வீடு திரும்புபவர், சில டாலருக்குக் கிடைக்கும் ஸ்பிரிங் தொகுப்பு ஒன்றை வாங்கி, வீட்டு மேசையிலேயே மாற்றிவிடுகிறார். இழுப்பு உடனே மிருதுவாகிவிடும். தவறு செய்திருக்கிறோம் என்று அப்போது தோன்றவே தோன்றாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

சுத்தியை முன்னே தள்ளும் முதன்மை ஸ்பிரிங், தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரை நசுக்கித் தீப்பற்றவைக்கும் வேலையைச் செய்கிறது. ஜே-ஃபிரேமின் சுத்தி சிறியது, எடை குறைந்தது, அது நகரும் தொலைவும் குறைவு. பெரிய சட்டகத் துப்பாக்கிகளில் சுத்தியின் எடையும் வீச்சும் ஓரளவு துணைக்கு வரும். இங்கே ஏறக்குறைய எல்லாமே ஸ்பிரிங்கின் பலத்தைச் சார்ந்தது. அதைக் குறைத்தால் பிரைமரின் மீது விழும் அடியும் குறையும். எல்லா நிறுவனங்களின் பிரைமர்களும் ஒரே மென்மை கொண்டவை அல்ல. ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர்கள் மென்மையானவை என்பதும், சிசிஐயுடையவை கடினமானவை என்பதும் ரிவால்வர் பயன்படுத்துவோர் நன்கறிந்த செய்தி. மென்மையான பிரைமர் உள்ள தோட்டாக்களை மட்டும் சுட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டுபவர், கடையில் அந்த வகை இல்லாத நாளில் வேறு பெட்டியை வாங்கி நிரப்பிக்கொள்கிறார். இதற்கு மேல், மாதக்கணக்கில் சட்டைப்பையின் தூசியும் உறைந்த எண்ணெயும் சுத்தியின் வேகத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கும்.

ஹூஸ்டன் அருகே ஒரு வகுப்புக்கு வந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் துப்பாக்கி, ஐந்தில் இரண்டு முறை 'டிக்' என்று மட்டும் ஒலித்து நின்றது. "தோட்டாதான் சரியில்லை சார், மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவிட்டேன்" என்றார். சுடாத இரண்டையும் வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிரைமரின் நடுவே பதிந்திருக்க வேண்டிய ஆழமான குழி, நகத்தால் கீறியது போன்ற மெல்லிய தழும்பாகவே இருந்தது. அதே தோட்டாக்களை என் துப்பாக்கியில் இட்டுச் சுட்டபோது இரண்டும் வெடித்தன. "ஸ்பிரிங்கை மாற்றினீர்களா?" என்று கேட்டதற்கு, "வீடியோவில் பார்த்து நானேதான் மாற்றினேன் சார், இழுப்பு அருமையாக இருக்கிறதே" என்றார். அவர் அந்தத் துப்பாக்கியை வாங்கியதே, இரவுப் பணி முடிந்து ஆளில்லாத வாகன நிறுத்தத்தைக் கடந்து செல்லும் தம் மனைவிக்காக. இதைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. குற்றம் வாங்குபவருடையது மட்டுமன்று. காகித இலக்கைச் சுடும் போட்டிக்குப் பொருத்தமான ஒன்றை, உயிரைக் காக்க வேண்டிய கருவிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

தொகுப்பில் வரும் இரண்டாவது ஸ்பிரிங்கும் அதே அளவு தொல்லை தரக்கூடியது. இழுத்த விசையை மீண்டும் முன்னுக்குத் தள்ளுவது அது. அது தளர்ந்தால் விசை மெதுவாகத் திரும்பும். பதற்றத்தில் விரைந்து சுடுபவரின் விரல் விசையை முந்திக்கொண்டு, அது முழுதாகத் திரும்பும் முன்பே மறுபடி இழுத்துவிடும். அப்போது துப்பாக்கி சுடாமல் பூட்டிக்கொள்வதும், சிலிண்டர் மட்டும் சுழன்று இன்னும் சுடப்படாத ஒரு தோட்டாவைத் தாண்டிச் செல்வதும் நிகழும். பெரிய சட்டகங்களில் கைப்பிடியின் முன்புறம் இருக்கும் அழுத்தத் திருகாணியைச் சற்றே தளர்த்தி இழுப்பை இலகுவாக்குவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தவறுதான்.

தொழிற்சாலை ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே உராயும் பரப்புகளை மட்டும் அனுபவமுள்ள துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் மெருகேற்றித் தரச் சொல்லலாம். எடை குறையாவிட்டாலும் இழுப்பின் முரட்டுத்தனம் குறையும். அதைவிடச் சிறந்த வழி, போலித் தோட்டாக்களை இட்டு நாள்தோறும் சில நிமிடங்கள் வெறும் இழுப்புப் பயிற்சி செய்வது. சில வாரங்களில் விரலும் பலம் பெறும், உள்ளிருக்கும் பரப்புகளும் தாமே வழவழப்பாகும். கைகளில் மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் ஸ்பிரிங்கை வெட்டுவதைவிட, இழுப்பு இயல்பிலேயே மிருதுவான எல்சிஆர் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கைப்பிடி

மாற்றத் தகுந்த முதல் பொருள் இதுதான். தவறும் இங்கே அடிக்கடி நிகழ்கிறது. சிறிய கைப்பிடியில் சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்பதாலும், அதிர்வு உள்ளங்கையை நோகச் செய்வதாலும், சுடுதளத்தில் இதமாக இருக்கும் பெரிய ரப்பர் பிடியைப் பூட்டிவிடுகிறார்கள். அந்த ரப்பர் சட்டையின் உட்புறத் துணியைக் கவ்விப் பிடித்து, மறைத்து வைத்த துப்பாக்கியின் வடிவத்தை வெளியே காட்டிவிடும். பாக்கெட்டிலிருந்து உருவும்போது துணியையும் சேர்த்து இழுக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். இடப்புறப் பலகையின் மேல்பகுதி தடித்திருந்தால், சுட்டபின் எஞ்சும் வெற்றுக்குப்பிகள் முழுதாக வெளியேறாமல் அதில் முட்டிக்கொள்ளும், எல்லாத் தோட்டாக்களையும் ஒரே முறையில் இட உதவும் விரைவு நிரப்பியும் உள்ளே நுழையாது. அந்த இடம் குழிவாகச் செதுக்கப்பட்டதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

உறை

உறையின்றிப் பாக்கெட்டில் போடக்கூடாது. விசையை முழுதாக மூடும், துப்பாக்கியை உருவும்போது தான் மட்டும் பாக்கெட்டிலேயே தங்கிவிடும் உறையே சரியானது. அதே பாக்கெட்டில் சாவியோ நாணயமோ இருக்கவே கூடாது.

விசைக்காப்பு வளையத்தை வெட்டுவது

கோல்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு, கடந்த நூற்றாண்டின் முற்பாதியில், விசையைச் சுற்றிக் காக்கும் வளையத்தின் முன்பகுதியை வெட்டிய ரிவால்வர்களைச் செய்து புகழ்பெற்றார். அது அவரோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கம்.

சுத்தியின் முனை

வெளியே நீண்டிருக்கும் முனை துணியில் மாட்டும் என்பது உண்மை. அதைத் தாமே அரத்தால் ராவி எடுப்பவர்கள், சுத்தியின் எடையையும் குறைத்து, மேலே சொன்ன சிக்கலையே வேறு வழியில் வரவழைக்கிறார்கள். சுத்தி உள்ளேயே மறைந்திருக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 442, 642 போன்ற வகைகள் கிடைக்கும்போது இந்த வேலைக்கு அவசியமே இல்லை.

லேசரும் முன்குறியும்

கிரிம்சன் டிரேஸ் போன்ற கைப்பிடி லேசர்கள் பயனற்றவை அல்ல. வெறும் இழுப்புப் பயிற்சியின்போது சுவரில் நடுங்கும் அந்தப் புள்ளி, கை எங்கே தவறுகிறது என்பதை எந்த ஆசிரியரையும்விடத் தெளிவாகக் காட்டும். ஆனால் நண்பகல் வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. அதையே நம்பிப் பழகியவர், எதிரே இருப்பவரைப் பார்ப்பதை விட்டுப் புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பார். லேசர் வாங்கும் முன்பாக, குறிபார்க்கக் குழலின் முனையில் உலோகத்தின் நிறத்திலேயே இருக்கும் முன்குறிமேல் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிவிட்டு, முதலில் வெள்ளையும் அதன்மேல் பளிச்சென்ற ஆரஞ்சும் நகப்பூச்சாகப் பூசிப் பாருங்கள்.

குழலில் துளையிடுவது

உடலோடு ஒட்டிப் பிடித்துச் சுட நேர்ந்தால், அதிர்வைக் குறைக்கவென்று இட்ட அந்தத் துளை வழியே நெருப்பு உங்கள் முகத்துக்கே வரும்.

டைட்டானியம் சிலிண்டர்

அதன் முகப்பில் படியும் கரிய வளையங்களை உரசித் தேய்க்காதீர்கள். மேற்பூச்சு போனால் சிலிண்டரே வீணாகும்.

விசா

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் முதலிய குறிப்பிட்ட விதிவிலக்குகள் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடைசெய்கிறது. நண்பரின் துப்பாக்கிக்கு உதிரிபாகம் மாட்டிப் பார்க்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

பக்கத் தகட்டை நெம்பித் திறப்பது

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியின் உட்பகுதியைப் பார்க்க வேண்டுமானால், திருகாணிகளைக் கழற்றியபின், சுத்தியலின் மரக்கைப்பிடியால் துப்பாக்கியின் பிடிச்சட்டகத்தை மெல்லத் தட்ட வேண்டும். அந்த அதிர்விலேயே தகடு தானாக எழும்பி வரும். திருப்புளியைச் செருகி நெம்பினால் விளிம்பு வளைந்து, பிறகு ஒருபோதும் பொருந்தாது. திருகாணிகள் ஒவ்வொன்றும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதைக் குறித்து வைத்து, அந்தந்த இடத்திலேயே திரும்பப் பூட்டுங்கள். பூட்டி முடித்ததும், நீங்கள் உண்மையில் சுமக்கப்போகும் அதே வகைத் தோட்டாவில் ஒரு பெட்டி முழுவதையும் டபுள் ஆக்‌ஷனிலேயே சுட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்று 'டிக்' என்று நின்றாலும் செய்த மாற்றத்தைக் கழற்றிவிட்டுப் பழைய பாகத்தையே மாட்டுங்கள்.