மண்டபத்தில் பிறந்தவர் எந்த நாட்டவர்? காகிதம் தேடும் வழி

மண்டபம் அகதி முகாம் போன்ற இடங்களில் இலங்கைத் தமிழருக்குப் பிறந்தவர் எந்த நாட்டுக் குடிமகன், அதற்கு என்ன காகிதம் வேண்டும் என்று பார்ப்போம். இரட்டைக் குடியுரிமைக் கணக்கை முதலிலேயே ஓரம் வையுங்கள். இலங்கைச் சட்டம் 1987 முதல் அதற்கு இடம் தருகிறது. இந்தியச் சட்டம் தருவதில்லை. ஓசிஐ அட்டையும் (வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) குடியுரிமை ஆகாது: ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

மண்டபம் முகாமிலோ ராமேஸ்வரம் பக்கமோ இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்றால் பிறந்த தேதியைப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். பெற்றோர் படகில் வந்தார்களா, பாஸ்போர்ட்டோடு வந்தார்களா என்ற கேள்வியே எழாது. 1986இல் மண்டபத்தில் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டதும் இந்த அடிப்படையில்தான்.

இவர்கள் குடியுரிமை கேட்டு மனு போடவே கூடாது. கேட்டால், வெளிநாட்டவர் என்று தாமே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். கையில் இருக்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ். அப்போது பதியாமல் விட்டிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவு உத்தரவு வாங்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதிதான் பெரும்பாலும் காலை வாரும்: பிறப்புச் சான்றில் 1986, டிசியில் 1988 என்றிருந்தால் போலீஸ் விசாரணையில் சிக்கும். விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள். இன்னொன்று, இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போயிற்று.

1987 ஜூலை 1க்கும் 2004 டிசம்பர் 2க்கும் இடையில் பிறந்தவருக்குத் தாய், தந்தையில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். இந்தியரான தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர் அகதி முகாமிலுள்ள பெண்ணைக் கட்டியிருந்தால் பிள்ளை இந்தியர். 2004 டிசம்பர் 3 முதல் இது மாறிவிட்டது: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்ற வகையில் வந்தால் பிள்ளைக்குக் கிடையாது. ஆவணமில்லாமல் படகில் வந்த தாயை அந்த வகையில்தான் சேர்க்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவர்களுக்கு உதவாது. அதிலுள்ள நாடுகளில் இலங்கை இல்லை.

பெற்றோர் இருவரும் இலங்கையர், பிள்ளை 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தது என்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவது அவசியம். ஓராண்டுக்குள் பதிய வேண்டும், தாமதமானால் அனுமதி கேட்கலாம். விட்டுவிட்டால் பிள்ளை எந்த நாட்டிலும் சேராது. இங்கத்திய பிறப்புச் சான்று, பெற்றோரின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சி, திருமணச் சான்று ஆகியவற்றைத் திரட்டுங்கள். பெற்றோரின் பிறப்பு அத்தாட்சியை இலங்கையில் இருக்கும் உறவினர் பிரதேச செயலகத்தில் எடுத்து அனுப்பலாம். முகாமில் நடந்த கல்யாணம் பதிவாகாமல் இருப்பதுதான் வழக்கமான முட்டுக்கட்டை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த மலையகக் குடும்பங்கள் வீட்டுப் பெட்டியைக் கிளறிப் பார்க்க வேண்டும். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினருக்கு இந்தியக் குடியுரிமை தர இரு நாடுகளும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் தாத்தாவுக்குக் கண்டியில் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், அதிலுள்ள பெயர்ப் பட்டியலே குடும்பத்தின் ஆதாரம். கிழிந்திருந்தாலும் லேமினேஷன் செய்யாதீர்கள். முத்திரையைச் சோதிக்க முடியாமல் போகும்.

எங்கே மறுத்தாலும் வாய்வார்த்தையோடு திரும்பாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் மறுப்புக்கு மேல்முறையீடு 30 நாளுக்குள். ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.