தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்பு: பார்த்துப் பார்த்து எரிச்சலாகிப்போன சில தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்வையிடுவது என் வேலையில் ஒரு பகுதி. பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவேன். அங்கே பார்க்கிற தவறுகளில் பாதி, அந்த வயதில் நாங்களும் செய்தவைதான். கத்தரிக்கோலை எப்படிக் கொடுப்பது, சோதனை முடிந்ததும் கை கழுவ வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நாளைக்கு ஆளுக்குப் பத்து விதை கொண்டு வாங்க"

எந்த விதை என்று சொல்லாமல் அனுப்பிவிடுவார்கள். மறுநாள் மேசைமேல் புளியங்கொட்டை, மொச்சை, வேப்பங்கொட்டையோடு குன்றிமணியும் வந்து கிடக்கும். பிள்ளையார் சதுர்த்திக்குக் கண் வைக்கிற அதே சிவப்பும் கறுப்புமான மணி. அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வேலியோரத்துக் காட்டாமணக்கு இன்னொரு வம்பு: அதன் பருப்பு கடலை மாதிரி ருசியாக இருக்கும். ஒரு பிள்ளை தின்றால் கூட நிற்கிற நாலு பிள்ளைகளும் தின்பார்கள். அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரி.

எதைக் கொண்டு வரலாம் என்பதைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். குன்றிமணி, காட்டாமணக்கு, ஆமணக்கு, அரளி, ஊமத்தை கூடாது என்பதை வாயாலும் சொல்லுங்கள். யாராவது தின்றுவிட்டதாகத் தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்; மிச்ச விதையை ஒரு தாளில் மடித்து மருத்துவரிடம் காட்டக் கொடுத்தனுப்புங்கள்.

முடிவை முதலில் எழுதிப் போடுவது

என்னை இன்றும் எரிச்சலாக்குவது இதுதான். இதில் யாருக்கும் அடிபடாது, அதனால் தவறு என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

நான்காம் வகுப்பு, மிதப்பவை – மூழ்குபவை. வாளியில் தண்ணீர் தயார். சோதனை தொடங்கும் முன்பே பலகையில் இரண்டு கட்டம் போட்டு "மரக்கட்டை – மிதக்கும், கல் – மூழ்கும்" என்று அழகான கையெழுத்தில் எழுதியாகிவிட்டது. ஒரு பையன் கழுத்து மாலையிலிருந்து உதிர்ந்த கருங்காலி மணி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். இப்போதுதான் ஊரெல்லாம் கருங்காலி மாலையாயிற்றே. அதை வாளியில் போட்டான். நேராக அடிக்குப் போய்விட்டது.

"டீச்சர், முழுகிடுச்சு!"

"அது கட்டையா இருக்காது. நீ மிதக்கும்னே எழுதுடா."

எழுதினான். வகுப்பு முடிந்து நோட்டுகளைப் புரட்டினேன். எல்லா நோட்டிலும் ஒரே வரி, பலகையில் இருந்த அதே வரி. அந்தச் செயல்பாட்டுக்கு எல்லாருக்கும் முழு மதிப்பெண்.

நல்ல கருங்காலி தண்ணீரைவிட அடர்த்தியானது. பெரும்பாலும் மூழ்கத்தான் செய்யும். அன்றைக்கு அந்த வகுப்பில் நடந்த ஒரே நிஜமான கண்டுபிடிப்பு அவனுடையது. கண் பார்த்ததை விட்டுவிட்டுப் பலகை சொல்வதை எழுதினால் மதிப்பெண் வரும் என்பதை அன்று மொத்த வகுப்பும் கற்றுக்கொண்டது. அது மனதில் பதிந்துவிட்டால் பத்தாம் வகுப்பு ஆய்வக ஏடு வரைக்கும் கூடவே போகும்.

இதே நோய் மெழுகுவத்திச் சோதனையிலும் உண்டு. தட்டில் தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். தண்ணீர் மேலே ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று விளக்கம் தயாராக இருக்கும். ஆனால் கூர்ந்து பார்க்கிற பிள்ளை ஒன்று சொல்லும்: "சார், எரியும்போது அவ்வளவா ஏறலை, அணைஞ்ச பிறகுதான் சட்டுனு ஏறுது." அந்தப் பிள்ளை சொல்வதுதான் சரி. சுடர் அணையும்போது டம்ளருக்குள் ஆக்சிஜன் இன்னும் நிறையவே மிச்சம் இருக்கும். சூடாகி விரிந்திருந்த காற்று ஆறிச் சுருங்குவதால்தான் தண்ணீர் பெரும்பாலும் ஏறுகிறது. சந்தேகமிருந்தால் அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவத்தி வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கிற ஆக்சிஜன் அதேதான், தண்ணீரோ இன்னும் உயரமாக ஏறும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று எழுதிப் போடுவதும் இப்படித்தான். உயரமான மலையில் இருக்கிற ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 93-ஐ ஒட்டிக் கொதித்துவிடும். அங்கே ஒரு மாணவி 93 என்று எழுதினால் சிவப்பு மையால் அடிப்பீர்களா?

சரி, என்ன செய்வது? பலகையைக் காலியாக விடுங்கள். நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: என்ன ஆகும் என்று நினைக்கிறேன், என்ன ஆனது, ஏன் என்று நினைக்கிறேன். முதல் பத்தியைப் பேனாவால் எழுத வேண்டும், பிறகு அழித்துத் திருத்தக் கூடாது. கணிப்பு தப்பானதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். கண்டதைக் கண்டபடி எழுதியதற்குக் கொடுங்கள். நூறில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்கிற மதிப்பீடு) என்று வைத்திருப்பதே இப்படிப்பட்டதைப் பார்க்கத்தான். தேர்விலும் "மரக்கட்டை மிதக்குமா?" என்று கேட்காதீர்கள். மூடிய காலி பாட்டில் ஒன்று, மணல் நிரப்பிய அதே பாட்டில் ஒன்று. எது மிதக்கும், ஏன்? மனப்பாடம் செய்தவர் யார் என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எதிர்பாராத முடிவு வந்து உங்களுக்கே விளக்கம் தெரியவில்லை என்றால், "இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். வகுப்பில் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

கையெழுத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்

எழுத்துக் கூட்டவே திணறுகிற பிள்ளை மின்கலம், ஒயர், பல்பு மூன்றையும் சரியாக இணைத்து எரிய வைத்துவிடும். ஆனால் தாளில் பூஜ்யம். அந்தப் பிள்ளையை வாயால் சொல்லச் சொல்லியோ படம் வரையச் சொல்லியோ மதிப்பிடுங்கள்.

மின்கலத்துக்குப் பதிலாகச் சுவர் பிளக்

கூடவே கூடாது.

பாதரச வெப்பமானி

பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-ல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது, இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. பல பள்ளி அலமாரிகளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கீழே விழுந்து உடைந்தால் உருண்டைகளைப் பிள்ளைகள் உள்ளங்கையில் உருட்டி விளையாட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களை உடனே வெளியே அனுப்பி ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, அது இன்னும் சிதறி எல்லா இடத்திலும் பரவும். கெட்டி அட்டையால் ஒதுக்கி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு இறுக்கி மூடிவிடுங்கள். டிஜிட்டல் வெப்பமானி இப்போது எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது.

ஸ்பிரிட் விளக்கு

ஐந்தாம் வகுப்பு வரை மெழுகுவத்தியே போதும்.

தீக்காயத்துக்கு மை

மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓட விடுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். செயல்முறை வகுப்பை முடிந்தவரை குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய எரிமலை மாடல்

முதலில் அந்தப் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மதிப்பெண்ணை அப்புறம் போடலாம்.