பேரூராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வைக்கும் தவறுகள்

தெருவிளக்கு எரியவில்லை என்று வார்டு உறுப்பினரிடம் சொல்லியாகிவிட்டது, செயல் அலுவலரை வழியில் பார்த்தபோது சொல்லியாகிவிட்டது, குப்பை வண்டி தள்ளி வந்தவரிடமும் சொல்லியாகிவிட்டது. பத்து நாளாகியும் இருட்டு போகவில்லை. மூன்று பேரிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். ஒரு பதிவேட்டிலும் ஏறவில்லை, அதுதான் சிக்கல்.

தமிழ்நாட்டில் சுமார் 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. ஒரு செயல் அலுவலர், ஒரு தலைமை எழுத்தர், ஓரிரு உதவியாளர்கள், வரி வசூலிக்கும் பில் கலெக்டர், துப்புரவு மேற்பார்வையாளர், குழாய் திறந்துவிடுபவர், மின்பணியாளர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துத்தான் பெரும்பாலானவை ஓடுகின்றன. காலையில் குழாய் உடைந்தது என்று ஓடியவர் மாலையில் வேறொரு தெருவில் செத்த நாயை அப்புறப்படுத்திக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட இடத்தில் வாய்ச்சொல் பொழுது சாய்வதற்குள் மறந்துபோகும். எண் விழுந்த தாள்தான் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும்.

வாசல் மாறிப் போவது

பட்டா மாறுதல், வாரிசு சான்று, சாதிச் சான்று எல்லாம் வருவாய்த் துறையின் வேலை. வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். பேருந்து ஓடும் பெரிய சாலை பல ஊர்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் பள்ளம் விழுந்தால் பேரூராட்சி ஒரு கூடை ஜல்லி கொட்டக்கூட யோசிக்கும். கம்பமும் மின்கம்பியும் மின்வாரியத்தின் சொத்து, அதில் தொங்கும் விளக்கு மட்டும் பேரூராட்சியுடையது. கம்பம் சாய்ந்தால் ஒரு வாசல், விளக்கு அணைந்தால் இன்னொரு வாசல்.

கிராம சபையில் பேசுகிறேன் என்று சிலர் கிளம்புவதுண்டு. கிராம சபை கிராம ஊராட்சிக்கு உரியது. பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கில் வருவதால், 2022ல் வந்த விதிகளின்படி இங்கே வார்டு குழுவும் பகுதி சபையும்தான். இதே காரணத்தால், நூறு நாள் வேலை என்று ஊர் சொல்லும் ஊரக வேலைத் திட்டமும் பேரூராட்சி எல்லைக்குள் கிடையாது. ஊராட்சி பேரூராட்சியாகத் தரம் உயரும்போது பலருக்கு இது பிறகுதான் உறைக்கிறது.

மனு எழுதும்போது ஒரு தாளில் ஒரு சங்கதி மட்டும் எழுதுங்கள். குடிநீர், சாக்கடை, நாய்த்தொல்லை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது யார் மேசைக்குப் போவது என்று தெரியாமல் முதல் மேசையிலேயே கிடக்கும். விளக்கு என்றால் கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண். வரி என்றால் வரிவிதிப்பு எண். குழாய் என்றால் இணைப்பு எண். ‘எங்கள் தெருவில்’ என்று எழுதாதீர்கள். எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே என்று எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் பிறகு அதிகம் அலைகிறார்கள். முத்திரை போட மறுத்தால் பதிவு அஞ்சலில் அனுப்பலாம், முதலமைச்சரின் உதவி எண் 1100ல் பதியலாம். அங்கே பதிந்தால் ஒரு எண் கிடைக்கும், அந்த மனு திரும்ப இதே அலுவலகத்துக்குத்தான் வரும். ஆனால் பதில் எழுதியே தீரவேண்டிய மனுவாக வரும்.

சொத்து வரி

வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. உச்சவரம்பு 5,000 ரூபாய். அரையாண்டு வரி 1,200 ரூபாய் என்றால் 60 ரூபாய் மிச்சம். விட்டுவிட்டால் நிலுவைக்கு மாதம் 1 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். மார்ச் கடைசி வாரத்தில் வரிசையில் நின்று இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்துக் கட்டும் பழக்கம் நம் ஊர்களில் ஊறிப்போனது. அதே ஆள் ஏப்ரலில் வந்திருந்தால் கூட்டமும் இல்லை, தள்ளுபடியும் உண்டு.

பில் கலெக்டர் வீட்டுக்கே வருகிறார், தெரிந்தவர், நாளைக்கு ரசீது தருகிறேன் என்கிறார். பணம் கொடுத்துவிடுகிறோம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், நடுவில் மாறுதலாகிப் போய்விட்டால்? கேட்பு (கட்ட வேண்டிய வரி), வசூல், நிலுவை என்று மூன்று கட்டம் உள்ள கணக்கில் உங்கள் எண்ணுக்கு நேரே வசூல் ஏறவில்லை என்றால் நீங்கள் கட்டவில்லை, அவ்வளவுதான். ரசீதில் வரிவிதிப்பு எண்ணும் எந்த அரையாண்டு என்பதும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு எண்ணுக்குப் பணம் போய்ச் சேர்வது அடிக்கடி நடக்கிறது. இணையத்தில் கட்டும்போதும் இதே கதைதான். ஓர் இலக்கம் மாறினால் யாருடைய வரியையோ கட்டிவிடுவீர்கள். திரையில் வரும் உரிமையாளர் பெயரைப் பார்த்த பிறகு பணம் செலுத்துங்கள்.

வீடு வாங்கிப் பத்திரம் பதிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. பத்திரம் பதிவுத் துறை, பட்டா வருவாய்த் துறை, வரிப்பெயர் பேரூராட்சி. மூன்றும் தனித்தனி. பெயர் மாற்றத்துக்குப் பத்திர நகல், கடைசி வரி ரசீது, நிலுவையில்லா நிலை ஆகியவை வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசு சான்றும் வேண்டும். ஒரு வாரிசின் பெயருக்கு மட்டும் மாற்றுவதானால் மற்றவர்களின் சம்மதமும் வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் தாத்தா பெயரில் கேட்பு வந்துகொண்டே இருக்கும். பேரன் வீட்டுக்கடன் கேட்டுப் போகும் நாளில் அது வங்கியில் தடையாக நிற்கும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு மூடநம்பிக்கையும் உண்டு: வரி ரசீது கையில் இருந்தால் சொத்து நம்முடையது, கட்டடம் அனுமதி பெற்றது என்று. வரி ரசீது வரி கட்டியதற்கு மட்டும்தான் சான்று. அனுமதியில்லாத கட்டடத்துக்கும் வரி விதிப்பார்கள். அதனால் அது அனுமதி பெற்றதாகிவிடாது.

வீட்டின் முன்பக்கத்தைக் கடையாக மாற்றியதைச் சொல்லாமல் விடுவதும் சாதாரணம். வரி கட்டடத்தின் சதுர அடி, இருக்கும் மண்டலம், பயன்பாடு ஆகியவற்றைப் பொறுத்தது. குடியிருப்புக்கு ஒரு கட்டணம், வணிகத்துக்கு வேறு. தொழில் உரிமம் கேட்டுப் போகும்போது கதவு எண்ணைப் பார்த்தாலே வெளிச்சத்துக்கு வந்துவிடும்; அன்றைக்கு வித்தியாசத் தொகையும் கூடவே வரும்.

பிறப்பும் இறப்பும்

குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது கணக்கில் வராது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அங்குள்ள நகராட்சி மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு மாமியார் ஊர்ப் பேரூராட்சியில் சான்று தேடினால் கிடைக்காது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை மேல் அலுவலர் அனுமதி, ஓராண்டைத் தாண்டினால் நீதித்துறை நடுவருக்குப் பதிலாக இப்போது வருவாய்த் துறையின் நிர்வாக நடுவர் உத்தரவு என்று படி ஏறிக்கொண்டே போகும்.

மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே விவரம் அனுப்பிவிடுவார்கள். தவறு நுழைவதும் அங்கேதான். பிரசவ வார்டில் யாரோ ஒருவர் அவசரத்தில் சொன்ன தகப்பன் பெயர், ஆதாரில் இருப்பதற்கு மாறான எழுத்துக்கூட்டு, முன்னால் போட வேண்டிய முதலெழுத்து பின்னால். அனுப்புவதற்கு முன் அந்தப் படிவத்தை வாங்கி ஒரு முறை படிப்பது ஐந்து நிமிட வேலை. பிறகு திருத்த வேண்டுமானால் ஆதாரம் காட்டி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை கட்டணத்துடன். பெயர் முடிவாகாத நிலையில் ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவைப்பதுதான் வினை. வெற்றாக இருக்கும் இடத்தில் பெயர் சேர்ப்பது எளிது, இருக்கும் பெயரை மாற்றுவது எளிதல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பலவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றே ஆதாரம் என்பதால் இனிமேல் இதில் அசட்டை கூடாது.

வீட்டில் இறந்தவர்களின் பதிவுதான் அதிகம் விடுபடுகிறது. பதினாறாம் நாள் காரியம் வரை வீட்டில் யாருக்கும் நினைவே இருக்காது. கருமாதி முடிந்ததும் போனால் 21 நாளுக்குள்தான் இருப்பீர்கள். ஊரில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆவணப் பெயர் வேறு என்றால் ஆவணப் பெயரையே கொடுங்கள். வங்கியும் வட்டாட்சியரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

வீடு கட்டும்போது

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்ற அளவுக்குள் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. அதையே சலுகை என்று நினைத்து வரைபடத்தில் பக்க இடைவெளி விட்டதாகக் காட்டிவிட்டு மதிலோடு ஒட்டிக் கட்டுகிறார்கள். சொன்னது சரி என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள். பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். மனை அங்கீகாரம் பெற்றதாகவோ, அங்கீகாரமில்லாமல் பிரித்துப் பிறகு ஒழுங்குபடுத்தியதாகவோ (வரன்முறை) இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 2016 அக்டோபர் 20 வரை பதிவான அங்கீகாரமில்லாத மனைகளுக்கே வரன்முறைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

குடிநீர்

தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டவிரோதம் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. ஊர்க்குழாயில் தண்ணீர் நாள் முழுதும் ஓடுவதில்லை. மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைந்துவிடும். சாக்கடையை ஒட்டிப் போகும் இடத்தில் ஓர் இணைப்பு கசிந்தால், வழக்கமாக உள்ளிருந்து வெளியே கசியும் அது அப்போது வெளியிலிருந்து உள்ளே இழுக்கும். முதல் குடத்தில் நாற்றம் வருவது அதனால்தான். இழுத்த வீட்டோடு நிற்காமல் அந்தக் கிளைக்குழாயில் உள்ள எல்லார் குடத்திலும் அது விழும். தரைமட்டத்துக்குக் கீழே சம்ப் கட்டி, தானாக விழும் தண்ணீரைப் பிடித்து, அங்கிருந்து மோட்டார் போடுவதே முறை.

தொட்டிப் பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. பிளீச்சிங் பவுடரை அப்படியே மேல்நிலைத் தொட்டிக்குள் கொட்டுவது. 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் என்றால் ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 400 கிராம். அதை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது கழித்துத் திறந்துவிட வேண்டும். வாய் திறந்த மூட்டையில் ஈரம்பட்டுக் கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. அதனால் போட்ட அளவை நம்பாமல் கடைசித் தெருக் குழாயில் சோதிக்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வரவில்லை என்றால் தொட்டியில் போட்டதெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள்.

மன்ற உறுப்பினர்கள் செய்வது

‘7வது வார்டில் சாலை அமைக்க’ என்று தீர்மானம் எழுதுவார்கள். எந்தத் தெரு, எந்த வீடு முதல் எந்த வீடு வரை, எத்தனை மீட்டர், எந்த நிதி என்பது இல்லாவிட்டால் அந்தத் தீர்மானத்தை வைத்து மதிப்பீடு போட முடியாது. மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு என்ற வரிசை முடியுமுன் ‘நீ வேலையைத் தொடங்கு, பார்த்துக்கலாம்’ என்று ஒப்பந்ததாரரிடம் சொல்வது அவருக்கும் நல்லதல்ல, சொன்னவருக்கும் நல்லதல்ல. பில் தணிக்கையில் தொங்கும். ஒப்பந்தப்புள்ளி வரம்புக்குள் அடக்க ஒரே சாலையை மூன்று துண்டாக்குவதும் தணிக்கையாளர் கண்ணில் முதலில் படும் தந்திரம்.

பழைய சாலைமேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு வாசற்படி மூழ்கிய வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளரே எழுத்தில் சொல்லியிருக்கிறார். மதிப்பீட்டில் சுரண்டும் பணி சேர்ந்திருக்கிறதா என்று மன்றக் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். பணி உத்தரவு போனபின் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

பாதி இடங்கள் பெண்களுக்கு. உறுப்பினரின் கணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து உத்தரவு போடும் காட்சியும் குறையவில்லை. மன்றத்தில் பேச அவருக்கு உரிமையில்லை, பதிவேட்டில் விழும் கையெழுத்தும் மனைவியுடையது. தணிக்கையில் எழும் ஆட்சேபமான தணிக்கைத் தடையும் மனைவி பெயருக்குத்தான் வரும்.

தகவல் கேட்பதில்

‘எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் உருப்படியான பதில் வராது. ‘ஏன்’ என்பது தகவல் இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன தெருச் சாலைப் பணியின் மதிப்பீட்டு நகல், பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள். செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் இந்த அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் மூன்றும் மீட்டரில் எழுதியிருக்கும். டேப்பை எடுத்துத் தெருவில் வைத்துப் பார்த்தால் போதும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். விண்ணப்பம் அலுவலகத்தில் சேர்ந்த தேதி தெரிந்தால்தான் இந்த நாள்களை எண்ண முடியும். அஞ்சல் ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.