காப்பகத்தில் தங்கியிருப்போரின் உணவு, மருந்துப் பதிவேட்டை டேப்லெட்டுக்கு மாற்றும்போது

முதலில் டேப்லெட் வாங்காதீர்கள், வைஃபையைச் சோதியுங்கள். ஒவ்வோர் அறையிலும் கட்டிலருகே நின்று பாருங்கள். சிக்னல் விழாத மூலையில்தான் பதிவுகள் தொலையும். இணையம் இல்லாதபோதும் குறிப்பைச் சேமித்து, பிறகு தானே அனுப்பும் செயலியே வேண்டும்.

கட்டடத்தின் ஒரு தளத்தில் மட்டும் தொடங்குங்கள். உணவு, நீர், உறக்கக் குறிப்புகள் முதலில். மருந்துப் பதிவு கடைசியில். மருந்துக்குக் காகிதமும் திரையும் ஒருசேர ஓடினால், ஒன்றில் மட்டும் பதிந்ததைப் பார்க்காத அடுத்தவர் அதே மாத்திரையை மறுபடி கொடுத்துவிடக்கூடும். ஆகவே குறித்த ஒரு ஷிஃப்டில் முழுதாக மாற்றி, பழைய தாளைக் குறுக்கே கோடிட்டு மூடுங்கள்.

ஆளுக்கொரு கடவுச்சொல் கட்டாயம். பொதுவான ஒன்று இருந்தால் மருந்தை யார் கொடுத்தார் என்பதே தெரியாது. ஷிஃப்ட் முடிவில் மொத்தமாகப் பதிகிறார்களா என்று ஒவ்வொரு பதிவிலும் விழும் நேரக்குறியைப் பாருங்கள். பெரும்பாலும் அது சோம்பல் அல்ல, டேப்லெட் பற்றாக்குறை. மின்சாரம் போகும் நேரத்துக்கு, மருந்துப் பட்டியலும் ஒவ்வாமை விவரமும் தினமும் அச்சாகிப் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.