டிஃப்யூஷன் மாடலை ஒருமுறை கையால் கட்டிப் பார்க்க: எண்கள், சோதனைகள், வழக்கமான சறுக்கல்கள்

டிஃப்யூஷன் மாடல் என்பது படத்தில் கலந்த நாய்ஸை (தற்செயலான இரைச்சலை) நீக்கக் கற்று, வெறும் நாய்ஸிலிருந்தே படிப்படியாகப் புதுப் படம் வரையும் மாடல். அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகள் பிடிபட வேண்டுமானால், சின்னதாக ஒரு மாடலை நீங்களே எழுதி ஓடவிட்டுப் பார்ப்பதுதான் குறுக்குவழி. எம்னிஸ்ட் கையெழுத்து எண்கள் போதும்: 28×28 அளவில் 60,000 கருப்பு வெள்ளைப் படங்கள். பைடார்ச் நிரல் நூலகமும் கூகுள் கோலாபில் ஒரு டி4 ஜிபியுவும் தாராளம். கீழே உள்ள எண்கள் 2020-ல் ஹோ, ஜெயின், அபீல் மூவரும் வெளியிட்ட டிடிபிஎம் கட்டுரையை ஒட்டியவை. மாற்றிய இடங்களில் காரணம் இருக்கிறது.

படத்தின் நான்கு பக்கமும் 2 பிக்சல் கருப்பு விளிம்பு சேர்த்து 32×32 ஆக்குங்கள். நாம் பயன்படுத்தும் யூ-நெட் என்ற நியூரல் நெட்வொர்க் படத்தைப் பாதி பாதியாகச் சுருக்கும். 32 என்றால் 16, 8, 4 என்று அழகாக இறங்கும். 28 என்றால் 7-க்கு வந்ததும் முட்டிக்கொள்ளும். விளிம்பு சேர்த்த பிறகே பிக்சல் மதிப்புகளை −1 முதல் 1 வரை மாற்ற வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் விளிம்பின் 0 கருப்பாக இல்லாமல் சாம்பலாகிவிடும். பிறகு மாடல் வரையும் ஒவ்வோர் எண்ணும் சாம்பல் சட்டத்தோடுதான் வரும். 0 முதல் 1 வரையே விட்டுவிட்டாலும் எரர் வராது. ஆனால் படத்தின் வலு பாதியாகி, நாய்ஸ் அதைச் சீக்கிரமே விழுங்கிவிடும்.

அடுத்து நாய்ஸ் அட்டவணை. 1,000 படிகள், ஒவ்வொரு படியிலும் சேரும் நாய்ஸின் அளவான பீட்டா 0.0001-ல் தொடங்கி 0.02 வரை சீராக ஏறும். ஒவ்வொரு பீட்டாவையும் 1-லிருந்து கழித்து, கிடைப்பவற்றை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால் வருவது ஆல்ஃபா-பார். படத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள், நாய்ஸை (1 − ஆல்ஃபா-பார்) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். எந்தப் படிக்கும் ஒரே தாவில் போய்விடலாம்.

இந்த இடத்தில் நின்று சோதியுங்கள். ஆல்ஃபா-பார் 250-ஆம் படியில் 0.52, 500-ல் 0.08, கடைசியில் 0.00004 அளவில் இருக்க வேண்டும். நாய்ஸ் கலந்த படங்களையும் வரைந்து பாருங்கள். நெடுக்குக் கோடுகள் தெரிந்தால் பிழை இதுதான்: பேட்ச் (ஒரே நேரத்தில் கொடுக்கும் படங்கள்) 128 என்றால், ஆல்ஃபா-பாரை 128×1×1×1 என்ற வடிவத்துக்கு மாற்றாமல் வெறும் 128 எண்களாகவே பெருக்கியிருப்பீர்கள். பேட்ச் 128 என்றால் பைடார்ச் கத்திவிடும். பேட்ச் 32 என்றால் படத்தின் அகலமும் 32 என்பதால் வாயைத் திறக்காது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வெவ்வேறு அளவு நாய்ஸ் ஏறியிருக்கும்.

யூ-நெட்டுக்கு 64, 128, 256 சேனல்கள் போதும். அட்டென்ஷனை (படத்தின் தொலைவுப் பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் அடுக்கை) 8×8 அளவில் மட்டும் வையுங்கள். பேட்ச் முழுவதையும் சேர்த்துச் சீராக்கும் பேட்ச்நார்ம் வேண்டாம், ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சீராக்கும் குரூப்நார்ம் போடுங்கள்: ஒரே பேட்சில் தெளிவான படமும் முழு நாய்ஸும் கலந்தே இருக்கும், அவற்றின் சராசரியால் யாருக்கும் பயனில்லை. மாடலின் வேலை, கலந்த நாய்ஸைக் கணிப்பது; கணிப்புக்கும் உண்மை நாய்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கச் சராசரிதான் லாஸ். கடைசிக் கன்வல்யூஷன் அடுக்கை 0-வில் தொடங்கினால் முதல் லாஸ் 1-ஐ ஒட்டி வரும். வராவிட்டால் லாஸ் கணக்கிலோ நாய்ஸிலோ கோளாறு.

பயிற்சிக்கு ஆடம் ஆப்டிமைசர், லேர்னிங் ரேட் 0.0002, பேட்ச் 128, 20 எபோக் (எல்லாப் படங்களையும் 20 முறை சுற்றுவது). லாஸ் முதல் சில நூறு பயிற்சிப் படிகளிலேயே சரசரவென இறங்கி, பிறகு 0.02–0.03 பக்கம் படுத்துவிடும். பலரும் இங்கேதான் பயந்து நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். நாய்ஸ் அதிகமுள்ள படிகளில் விடை கண்ணுக்கு முன்னாலேயே இருப்பதால் லாஸ் மிகச் சிறியது; நுணுக்கம் தீர்மானமாகும், நாய்ஸ் குறைந்த தொடக்கப் படிகளின் முன்னேற்றம் அந்தச் சராசரியில் மங்கிப்போகிறது. 1,000 நாய்ஸ் படிகளையும் 100 படிக்கு ஒரு கூறாகப் பிரித்து லாஸைப் பதிவு செய்யுங்கள், உண்மை நிலவரம் தெரியும்.

வெயிட்டுகளின் நகரும் சராசரியை, அதாவது இஎம்ஏவை, வைத்தே படம் வரைய வேண்டும். ஒவ்வொரு பயிற்சிப் படியிலும் பழைய சராசரிக்கு டிடிபிஎம் கட்டுரை தரும் 0.9999 என்ற பங்கை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். 20 எபோக் என்பது சுமார் 9,400 பயிற்சிப் படிகள். அதன் முடிவிலும் தொடக்கத்தின் அர்த்தமற்ற வெயிட்டுகள் 39 சதவீதம் மிச்சமிருக்கும். படம் குப்பையாக வருவதில் வியப்பில்லை. இங்கே 0.999 சரி.

வரையும்போது 999-லிருந்து 0 வரை இறங்குகிறோம். ஒவ்வொரு படியிலும் மாடல் சொல்லும் நாய்ஸில் உரிய பங்கைக் கழித்து, புது நாய்ஸ் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கடைசிப் படியில் மட்டும் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் மணல் தூவியதுபோல் இருக்கும். பயிற்சிக்கு மட்டும் தேவையான கிரேடியன்ட் கணக்கை அணைக்க மறந்தால் ஜிபியு நினைவகம் பாதியிலேயே தீர்ந்துபோகும்.

1,000 படி காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் படிகளைத் தாண்டிச் செல்ல விடும் டிடிஐஎம் முறையில் 20-க்கு ஒன்றாகத் தாவி 50 படியில் முடிக்கலாம். 980-லிருந்து இறங்கும்போது அடுத்து எடுக்க வேண்டியது 960-ன் ஆல்ஃபா-பார். 979-ன் மதிப்பை எடுத்தால் நாய்ஸ் அகலவே அகலாது. இணையத்தில் கிடைக்கும் நிரல்களிலும் இந்தப் பிழையைத் தேடிப் பாருங்கள்.

குறிப்பிட்ட எண்ணை வரவழைக்க, லேபிளையும் உள்ளே கொடுங்கள். 10 சதவீத நேரம் அதை மறைத்து, “லேபிள் இல்லை” என்ற 11-ஆவது லேபிளைக் கொடுங்கள். வரையும்போது லேபிளோடும் லேபிள் இல்லாமலும் வரும் இரண்டு கணிப்புகளின் வித்தியாசத்தை 2 அல்லது 3 மடங்காக்கி, லேபிள் இல்லாத கணிப்போடு கூட்டுங்கள். கிளாசிஃபையர்-ஃப்ரீ கைடன்ஸ் என்ற இந்த உத்தியின் மூலக்கட்டுரையில் அந்த மடங்கு 1 குறைவாக எண்ணப்படுவது, ஒப்பிடும்போது ஞாபகம் இருக்கட்டும். அளவு மீறினால் கோடுகள் தடித்து, எல்லா 4-உம் ஒரே அச்சாகிவிடும்.

எண்களை விட்டுத் தமிழ் எழுத்துகளுக்குப் போகிறீர்களா? படத்தை இடவலமாகத் திருப்பும் ஆக்மென்டேஷனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் பார்த்த ‘க’ பிறக்கும். அளவையும் 64×64 ஆக்குங்கள். 32-ல் மெய்யெழுத்தின் புள்ளி ஓரிரு பிக்சல்தான். மாடல் அதை நாய்ஸ் என்று துடைத்துவிட, ‘க்’ கேட்ட இடத்தில் ‘க’ வந்து நிற்கும்.