நாதஸ்வரக் கூலியைக் கணக்குப் போட்டுக் கேட்கத் தொடங்கினேன்

கல்யாணங்களுக்கு நாதஸ்வரம் வாசிப்பவன் நான். "எவ்வளவு?" என்று கேட்டால், "பார்த்துக் கொடுங்கள்" என்றே பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். ஒரு வைகாசி முகூர்த்தத்தில் 12,000 ரூபாய் கொடுத்தார்கள். தவில்காரர்கள் இருவருக்கும் 6,000, கூட வாசித்த தம்பிக்கு 2,500, தாளம் போட்ட பையனுக்கு 800, வேனுக்கு 2,000. எனக்கு மிஞ்சியது 700. முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு முதல் மறுநாள் நலங்கு வரை மூச்சைக் கொடுத்து ஊதியதற்கு அதுதான்.

அன்றிரவே நோட்டை எடுத்தேன். உடன் வருபவர்களின் கூலி, வேன், நாதஸ்வரத்தின் முனையில் பொருத்தி ஊதும் சீவாளி, தவிலுக்குத் தோல் மாற்றும் செலவு எல்லாவற்றையும் முதலில் எழுதினேன். அதன்மேல் என் கூலி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களின் அரிசியையும் முகூர்த்த நாட்களே தர வேண்டும். தொகை 18,000 வந்தது.

முதல்முறை போனில் அதைச் சொன்னபோது குரல் நடுங்கியது. இரண்டு வீட்டார் வேறு செட்டைத் தேடிப் போனார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. மூன்றாவது வீட்டுப் பெரியவர், "குறைக்க முடியாதா தம்பி?" என்றார். "ஒற்றைத் தவிலோடு வருகிறேன் ஐயா, 15,000 போதும். யாருடைய கூலியையும் குறைக்க மாட்டேன்" என்றேன். சற்று யோசித்து, இரட்டைத் தவிலே வேண்டுமென்று 5,000 முன்பணம் அனுப்பிவிட்டார்.

இப்போது முன்பணம் வந்த பிறகே நாளைக் குறித்துக்கொள்கிறேன். மாலை வரவேற்புக்கும் வாசிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனித்தொகை. எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கு மட்டும் தொகை பேசுவதில்லை.