பிள்ளையோடு முதல் தூண்டில்: மணக்குடிக் காயல் பக்கம் போகிறவர்களுக்கு

தாத்தா பேச்சிப்பாறைக் காட்டில் மிளா மான் வேட்டைக்குப் போன கதையைச் சொன்னதிலிருந்து என் மகளும் வேட்டைக்குப் போகணும் என்று பிடிவாதம். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு அந்த வேட்டையெல்லாம் போகப்போக முடிந்தது. ஆனால் அப்பாவும் பிள்ளையும் சத்தம் போடாமல் ஒன்றுக்காகக் காத்துக் கிடக்கிற சுகம் தூண்டிலில் அப்படியே இருக்கிறது. போக நினைக்கிறவர்களுக்கு நான் படித்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் இடம். சின்னப் பிள்ளையைக் கடல் பக்கம், அதுவும் அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கிற தூண்டில் வளைவு மேல் ஏற்றாதீர்கள். பாசி பிடித்த கல், நடுவில் இடுக்கு, விழுந்தால் எடுப்பது கஷ்டம். அதைவிடப் பெரிய பயம் கள்ளக்கடல். இங்கே காற்றே இருக்காது, நல்ல வெயில் அடிக்கும், எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை மட்டும் நாள் கணக்கில் ஓடி வந்து நம் கரையில் ஏறும். 2024 மே 6-ந்தேதி கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தது அப்படி எச்சரிக்கை இருந்த ஒரு நாளில்தான். காயலுக்குப் போவதானாலும் அன்றைய எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், கடல் நிலவரம் சொல்கிற மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேருகிற மணக்குடிக் காயல் முதல் தடவைக்கு நல்லது. 2004 சுனாமி பழைய பாலத்தையே கொண்டுபோன ஊர் அது, அதனால் காயல்தானே என்று அசட்டையாக இருக்கக்கூடாது. காயல் கடலோடு சேருகிற பொழிமுகத்துக்குப் பக்கத்தில் போகாமல் உள்ளே தள்ளி, கரை உறுதியாக இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். கடல் ஏற்றம் தொடங்குகிற நேரம் நல்ல நேரம், கடல் தண்ணீர் உள்ளே வரும்போது மீனும் சேர்ந்து வரும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றம் கூடும். சாயங்காலம் நாலரைக்குப் போய் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். மீன் கொத்திக்கொண்டே இருந்தாலும் கிளம்புங்கள், அப்போதுதான் அடுத்த ஞாயிறு பிள்ளையே உங்களை எழுப்பும்.

விலை கூடின கம்பு எதுவும் வேண்டாம். ஒரு தண்ணீர் பாட்டிலில் தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் நூலைச் சுற்றி, சின்ன ஈயம் ஒன்று, சின்ன கொக்கி ஒன்று, போதும். கொக்கியில் நம்பர் கூடக் கூட அளவு சின்னதாகும், கடையில் 10-ம் நம்பர் கேளுங்கள். இரைக்கு உரித்த இறால் நகத்தளவு, கொக்கி முனை மட்டும் லேசாகத் தெரிகிற மாதிரி. பிள்ளையின் ஆள்காட்டி விரலில் துணியைச் சுற்றிவிடுங்கள், பெரிய மீன் இழுத்தால் தங்கூசி விரலை அறுத்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். தங்கூசி பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். முதல் நாள் மகளின் தங்கூசியை மீன் வெட்டி இழுத்ததும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது, "விடு மக்ளே, அப்பா இழுக்கேன்" என்று பிடுங்கிவிட்டேன். நல்ல செம்பல்லி. வீடு வரும்வரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மீன் போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டே கிடந்தேன். அதனால் உங்கள் கையில் தூண்டிலே வேண்டாம். அவள் மீனைப் பார்க்கட்டும், நீங்கள் தண்ணீரையும் அவள் காலையும் பாருங்கள். "லேசாகக் கொத்தும்போது இழுக்காதே, கொண்டு ஓடும்போது இழு" என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

மீனைக் கழற்றுவது மட்டும் உங்கள் வேலை. கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கத்திலும் விஷமுள் உண்டு, குத்தினால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிறு ஊதுகிற பேத்தை வந்தால் தூக்கி எறியுங்கள், அந்த விஷம் வேகவைத்தாலும் போகாது. விரல் நீளக் கொடுவாக் குஞ்சும் செம்பல்லிக் குஞ்சும் காயலுக்கு வளர வந்தவை, கையை நனைத்துப் பிடித்துத் திரும்ப விட்டுவிடுங்கள்.

கொண்டுபோகிற மீனைத் துடிக்க விடாதீர்கள், தலையில் ஒரே அடி. பிள்ளை பார்க்கட்டும். என் மகள் "அதுக்கு வலிக்குமாப்பா?" என்று கேட்டாள். "வலிக்கும் மோளே, அதனாலதான் சட்டென்று முடிக்கிறோம்" என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளே அடுத்த இரையைக் கோர்த்தாள்.

வீட்டில் புளிமுளம் வைப்பதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள், குழம்பில் போட்டபிறகு எது யார் பிடித்தது என்று தெரியாது, பிள்ளையின் மீனை மட்டும் பொரிக்கத் தனியாக எடுத்து வையுங்கள்.